பிந்தி விழித்த பெட்டி

புதுப் பெட்டி வந்த நாளிலிருந்து எங்கள் குவாரியில் வெடியின் அதிர்வு குறைந்துவிட்டது என்று ஆபீசில் எல்லாரும் சொன்னார்கள். பெட்டி காட்டிய எண்ணும் அதைத்தான் சொன்னது. என் கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் குவாரி. இருபத்திரண்டு வருடம் அதில் கல் உடைத்தேன். முட்டி இரண்டும் தேய்ந்த பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லி அதிர்வுப் பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். உட்காருவதற்குத்தான் முட்டி மடங்குவதில்லை. அதை யாரிடம் சொல்வது.

தினமும் மதியம் ஒரு மணிக்கு வெடி. அரை மணி முன்னதாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் காலனி ஓரத்தில் இருக்கிற முனியப்பன் கல்லுக்குப் போய்விடுவேன். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் போகும். அதன் முனையில் மூன்று முள் வைத்த இரும்புக் குண்டு. அதை மண்ணில் அழுத்திப் புதைக்க வேண்டும். வெடித்ததும் தரை எவ்வளவு ஆடியது என்று பெட்டி ஒரு எண் காட்டும். எங்கள் குவாரிக்கு விதித்த அளவு ஐந்து. அதைத் தாண்டினால் வீட்டுச் சுவர் தாங்காது. எண்ணைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்பதற்காகவே நாற்பத்து மூன்றாம் வயதில் எழுத்துக் கற்றேன். அதுவரை கைநாட்டு.

முனியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் யாரும் காலில் எதுவும் போட்டுக்கொண்டு நிற்க மாட்டோம். கம்பெனி கொடுத்த பூட்சைக் கழற்றி வேலி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பாறைமேல்தான் நிற்பேன். ஆறு வருடம் அப்படி நின்றதில் ஒன்று தெரிந்துகொண்டேன். வெடிக்கும்போது முதலில் குதிகாலில் தரை ஒரு உதை உதைக்கும். அப்புறம் ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருக்கும். அதற்கப்புறம்தான் சத்தம் காதுக்கு வரும்.

பழைய பெட்டி மூன்றரை, நாலு, நாலேகால் என்று காட்டிக்கொண்டிருந்தது. அதன் சர்ட்டிபிகேட் காலம் முடிந்துவிட்டது, இனிமேல் அதற்கு ரிப்பேர் கிடையாது என்று எடுத்துப் போய்விட்டார்கள். பதிலுக்கு வந்தது மஞ்சள் நிறத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. நாலு வாரமாக அது புள்ளி ஒன்பது, புள்ளி எட்டு, ஒன்று என்றே காட்டியது. நானும் எழுதிக்கொண்டே வந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் சரியாகக் கவனித்தேன். குதிகாலில் உதை வந்தது. ஒரு மூச்சு போனது. சத்தம் வந்தது. அப்புறம்தான் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால்தான் பெட்டி எழுதுகிறது என்று கணக்கு. தரை ஆடி முடித்த பிறகு எழுந்து உட்கார்ந்து என்னத்தை எழுதும்?

நேராக வீட்டுக்குப் போனேன். என் மனைவி மாதம்மாள் பின்சுவரில் சாய்ந்துகொண்டு புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எப்பிடி இருந்துச்சு?" என்றேன்.

"என்னத்த எப்பிடி?"

"வெடி."

"நாலு வாரமா கொறஞ்சு போச்சுன்னு நீதான நோட்டுல எழுதற. என்னைய கேக்கற." புளியிலிருந்து எதையோ பொறுக்கிப் போட்டாள். "பானை மூடி எப்பவும் போலத்தான் குதிச்சுது. செவுத்து மண்ணு புளியில கொட்டிருச்சு. கல்லு கெடந்தா மண்டிக்காரன் திருப்பி அனுப்பிருவான், இப்ப ஒக்காந்து பொறுக்கறேன்."

அவள் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தேன். பிளவு பழசுதான். போன மாதம் அதில் நகம்தான் நுழைந்தது. இப்போது சுண்டுவிரல் நுழைந்தது.

வெடிக்கு முன்னால் மூன்று சங்கு ஊதும், மூன்றாவதற்கு அப்புறம் வெடி. முதல் சங்கு ஊதினால் எல்லாரும் வீட்டுக்குள் போக வேண்டும் என்பது எங்கள் காலனியில் சட்டம். வெளியே நின்றால் கல் தெறிக்கும். பெட்டி பார்க்கிற எனக்கு மட்டும் விலக்கு. ஆக, பதினொரு வீட்டு ஜனமும் ஒரு மணிக்கு இந்த மாதிரிச் சுவர்களுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆபீசில் மேனேஜர் மாதவராஜ் வெள்ளைப் பலகையில் வெள்ளிக்கிழமைக்கான வெடியை வரைந்துகொண்டிருந்தார். மேற்குப் பாறை. முப்பத்தாறு குழி. குழிக்கு ஒன்றரை மடங்கு மருந்து. இப்போது வெடிக்கிற இடம் காலனியிலிருந்து ஐநூற்று இருபது மீட்டர். மேற்குப் பாறை முந்நூற்று ஐம்பதுதான்.

"சார், பெட்டி லேட்டா முழிக்குதுங்க," என்றேன்.

"பெட்டி என்ன நைட் வாட்ச்மேனா, தூங்கி முழிக்க?"

"தர ஆடி, சத்தம் வந்து, அதுக்கப்புறம்தானுங்க லைட்டு எரியுது. கால்ல தெரியுதுங்க."

அவர் பேனாவை மூடினார். "உன் கால் சர்ட்டிபிகேட் வாங்குன காலா, தீர்த்தகிரி? அந்தப் பெட்டி வாங்கியிருக்கு. புள்ளி ஒம்பதுன்னு காட்டுது. கிட்டப் போறோம், மருந்தையும் ஏத்தறோம், சரி, மூணு மடங்கு ஆகட்டும். அப்பவும் மூணத் தாண்டாது. பாலத்து வேலைக்குக் கல்லு கேட்டு வண்டி வரிசையா நிக்குது, உன் கால் வலிக்காக வேலைய நிறுத்தச் சொல்றியா?"

"வலிக்கறது முட்டிங்க. தெரியறது குதிகால்ல."

இதற்கு அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. "பெட்டி மாட்டுன பொண்ணு நாளைக்கு வருது. அதுகிட்டச் சொல்லு. ஆனா வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதான்."

அந்தப் பெண் பெயர் சுசித்ரா. ஓசூரில் கருவிக் கம்பெனியில் இன்ஜினியர். செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். அப்புறம் ஆபீஸ் முற்றத்தில் பெட்டியை வைத்து, பக்கத்தில் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு, பத்துக் கிலோ எடைக்கல்லை இடுப்பு உயரத்திலிருந்து அதன்மேல் விட்டாள். டங் என்றது. உடனே விளக்கு எரிந்தது. ஆறு புள்ளி இரண்டு.

"பாருங்கண்ணா. பழைய பெட்டியும் இதே இடத்துல இதே எடைக்கு ஆறு புள்ளி ரெண்டுதான் காட்டுச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டெஸ்ட் பண்ணித்தான் மாத்தினேன். பெட்டியில ஒரு கோளாறும் இல்ல."

"இங்க இல்லதானுங்க," என்றேன். "முனியப்பன் கல்லுல பாருங்க. ஒரே ஒரு வெடி. அதுக்கும் மேல நான் கேக்கமாட்டனுங்க."

வந்தாள். வேலி ஓரத்தில் நின்று பூட்சைக் கழற்றச் சொன்னபோது முகம் சுளித்தாள்.

"இது சேப்டி ஷூண்ணா. கழட்டக் கூடாது."

"குவாரிக்குள்ளதானுங்க அந்த ரூலு. இங்க முனியப்பன் ரூலு."

"லேஸ் கட்டவே அஞ்சு நிமிஷம் ஆகும்," என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றினாள். சாக்சையும் கழற்றச் சொன்னேன். வெயிலில் பாறை சுட்டதில் இரண்டு முறை கால் மாற்றி நின்றாள்.

நான் ஒரு சொம்பு நிறைய தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். அதைப் பெட்டிக்குப் பக்கத்தில், பாறைமேல் வைத்தேன். "மேடம், உங்க போன்ல தண்ணியும் பெட்டி லைட்டும் ஒண்ணா தெரியற மாதிரி வீடியோ எடுங்க," என்றேன். என் கால் தெரிந்துகொண்டதை இன்னொருவர் கண்ணுக்குக் காட்ட வேண்டுமானால் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி முழுக்க யோசித்து இந்தச் சொம்புதான் அகப்பட்டது.

மூன்றாம் சங்கு ஊதியது. சுசித்ரா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிகாலில் உதை வந்தபோது அவள் தோள் துள்ளியதைப் பார்த்தேன். அப்புறம் ஒரு மூச்சு நேரம். அப்புறம் சத்தம். விளக்கு. எண் புள்ளி ஒன்பது.

அவள் அப்படியே பாறைமேல் உட்கார்ந்து வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வந்தது. விளிம்பில் ததும்பி வழிந்தது. அலை அடங்கிப்போகும் நேரத்தில் போனில் வெடிச்சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடி.

"ஒண்ணரை செகண்ட்," என்றாள் கடைசியில். "சத்தம் காத்துல வருது. ஐநூத்து இருவது மீட்டருக்கு ஒண்ணரை செகண்ட் ஆகும். அதிர்வு கல்லு வழியா வருது, கண்ணு சிமிட்டற நேரத்துல வந்துரும். ஆபீஸ் முத்தத்துல ரெண்டும் பக்கத்துலயே இருந்ததால ஒண்ணாவே வந்துச்சு. அதான் அங்க வித்தியாசமே தெரியல."

"அப்ப பழைய பெட்டி மட்டும் எப்பிடிங்க சரியா காட்டுச்சு?"

அவள் பெட்டியின் மேல் கை வைத்தாள். "அதையும் சத்தம் கேட்டாத்தான் எழுந்திருக்கற மாதிரிதான் வச்சிருந்தாங்க. அதிர்வுக்கு எழுந்திருக்கச் சொன்னா ரோட்டுல போற ஒவ்வொரு டிப்பருக்கும் எழுந்துக்கும்ல. ஆனா பழையது எந்நேரமும் எழுதிக்கிட்டே, பழசை அழிச்சுக்கிட்டே இருக்கும். சத்தம் வந்த உடனே, அழிக்காம கையில இருக்கற கடைசி ரெண்டு செகண்டையும் சேத்து வச்சுக்கும். இந்தப் பெட்டியில அது கிடையாது. எழுந்ததுக்கப்புறம் நடக்கறதை மட்டும்தான் எழுதும்." போனை அணைத்தாள். "பழைய பெட்டியில இருந்த செட்டிங்கை அப்படியே இதுல போட்டது நான்தாண்ணா."

நாலு வாரமாக அந்தப் பொய்யை நோட்டில் எழுதியது என் கை.

மேனேஜர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. எண் இல்லாமல் எதையும் நம்பாதவர், அவ்வளவுதான்.

"சரி, புள்ளி ஒம்பது தப்பு. ஒத்துக்கறேன். அப்ப சரியானது எவ்வளவு?"

சுசித்ரா வீடியோவை மறுபடி ஓட்டப் போனாள்.

"சொம்புத் தண்ணிய வச்சு நான் மேல பேச முடியாதும்மா. ரெண்டா இருந்தா வெள்ளிக்கிழமை வெடிப்பேன். நாலா இருந்தா வெடிக்க மாட்டேன். எண்ணைக் கொண்டா. பழைய பெட்டிய வரவழைக்க முடியுமா?"

"அதைப் பிரிச்சுட்டாங்க சார்."

"அப்ப இதுலயே எடு. புதன், வியாழன், ரெண்டு வெடி இருக்கு."

புதன்கிழமை பெட்டியை அதிர்வுக்கே எழுந்திருக்கும்படி மாற்றினாள். பன்னிரண்டரையிலிருந்து குவாரி டிப்பர்களை எல்லாம் கேட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டோம். மூன்றாம் சங்கு ஊதியது. சரியாக அந்த நேரம் பார்த்து, சங்குக்குப் பயந்து வேகமெடுத்த ஒரு தக்காளி டெம்போ காலனி ரோட்டில் தடதடவென்று போனது. வழியை அடைக்க நிறுத்தியிருந்த ஆள் கொடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. பெட்டி எழுந்துகொண்டது. டெம்போவின் ஆட்டத்தைப் பத்து நொடி எழுதியது. அப்புறம் எழுதியதைச் சேமிக்கிறேன் என்று எட்டு நொடி மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. சேமிக்கும்போது அதற்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. அந்த எட்டு நொடிக்குள் வெடி வெடித்துவிட்டது.

அன்றைக்கு நோட்டில் எழுத எண்ணே இல்லை. 'தக்காளி வண்டி' என்று எழுதினேன்.

சுசித்ரா பூட்சை மாட்டாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனியப்பன் கல்லுக்கு வைத்த எலுமிச்சம்பழம் அதிர்வில் உருண்டு அவள் காலடிக்கு வந்திருந்தது. எடுத்து வைத்தாள்.

"இன்னும் நாளைக்கு ஒரு வெடி இருக்குதுங்க," என்றேன்.

"இருந்து என்னண்ணா பண்றது. சத்தத்துக்கு வச்சா லேட்டு. அதிர்வுக்கு வச்சா கண்ட வண்டிக்கெல்லாம் எழுந்துக்குது."

"எதுக்கும் எழுந்திருக்க வேணாம்னு வைங்க. நானே எழுப்பி விடறனுங்க, கையால. முடியுங்களா?"

அவள் நிமிர்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துப் பட்டன்களை அழுத்திக்கொண்டே போனாள். "முடியும். பட்டனை அழுத்துன உடனே எழுத ஆரம்பிக்கும். ஆனா பத்து செகண்ட்தான். அதுக்கு மேல இதுல இடம் இல்ல. நிறுத்திட்டு சேமிக்கப் போயிரும்."

பத்து நொடி. மூன்றாம் சங்குக்கு அப்புறம் எங்கள் வெடி மேஸ்திரி பெரியண்ணன் எப்போது சுவிட்சைத் திருகுவான் என்று அவனுக்கே தெரியாது. நாலு பக்கமும் பார்ப்பான். பாறையைத் தொட்டுக் கும்பிடுவான். மனசு சரி என்றால் திருகுவான். அது அஞ்சு நொடியாகவும் இருக்கும், ஒரு நிமிஷமாகவும் இருக்கும்.

"அவன் எண்ணிக்கிட்டே திருகணும்," என்றேன். "அப்பத்தான் எனக்குத் தெரியும்."

"எண்ணச் சொல்லுங்க. வாக்கி டாக்கி இருக்குல்ல."

சுலபமாகச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்து வெடிக்காரன் எவனும் எண்ண மாட்டான்.

சாயங்காலம் டீக்கடையில் பெரியண்ணனைப் பிடித்தோம். மாரண்டஹள்ளிக்காரன். எனக்கு மச்சான் முறை. முப்பது வருடமாக வெடி வைக்கிறான், பத்து விரலும் இருக்கிறது. அதுதான் அவனுடைய சர்ட்டிபிகேட்.

"எண்றதா? என்னையா?" டீ கிளாசைக் கீழே வைத்தான். "ஏன் மச்சான், முட்டி தேஞ்ச மாதிரி மூளையும் தேஞ்சு போச்சா?"

"ஒரே ஒரு நாளைக்கு மச்சான்."

"ஒரு நாளைக்கும் இல்ல, ஒரு நொடிக்கும் இல்ல." சுசித்ரா பக்கம் திரும்பினான். "மூட நம்பிக்கைன்னு நெனைக்காதீங்கம்மா. எங்கப்பன் காலத்துல ஒருத்தன் எண்ணித் திருகுனான். அஞ்சு, நாலு, மூணுன்னு வாய் போய்க்கிட்டு இருக்குது. ஒருத்தன் மாட்டத் தொரத்திக்கிட்டு குறுக்கால ஓடியாறான். கண்ணு பாத்திருச்சு. ஆனா வாய் ரெண்டு, ஒண்ணுன்னு போயிருச்சு, கையும் கூடவே போயிருச்சு. எண்ண ஆரம்பிச்சா அது உங்களை இழுத்துக்கிட்டுப் போயிருமுங்க. நடுவுல நிக்காது. அதனால எண்றதில்ல."

சுசித்ரா தலையாட்டினாள். "அது சரிதாங்க," என்று மட்டும் சொன்னாள்.

நான் கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியண்ணன் சொன்னது முழுக்க நியாயம். என் வீட்டுச் சுவரும் நியாயம். ரோட்டில் டவுன் பஸ் வந்து, கை காட்டிய ஒரு கிழவருக்காக நின்று, ஏற்றிக்கொண்டு போனது.

"மச்சான், எண்ண வேணாம்," என்றேன். "நீ ஊர்ல இருந்து பஸ்ல வரும்போது எந்தெந்த ஸ்டாப்பு வரும்?"

"இது என்ன கேள்வி? மாரண்டஹள்ளி, பாலக்கோடு, புலிக்கரை, தர்மபுரி, நல்லம்பள்ளி."

"அத சொல்லு. நல்லம்பள்ளி வந்தா திருகு. நடுவுல எவனாச்சும் குறுக்க வந்தா, பஸ்ஸு ஸ்டாப்புல நிக்கறதுதான். எவன் உன்னை இழுத்துக்கிட்டுப் போறான்?"

பெரியண்ணன் என்னையே பார்த்தான். டீயைக் குடித்து முடித்தான். உதட்டை அசைத்து ஒரு முறை தனக்குள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தான்.

"புலிக்கரையில எக்ஸ்பிரஸ் நிக்காது," என்றான்.

"டவுன் பஸ்ஸுன்னு வச்சுக்கோ."

"டிக்கெட்டு யாரு எடுக்கறது?" என்றான். ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அதிலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை வாக்கி டாக்கியைக் காதோரம் வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்து நின்றேன். தர்மபுரி என்றதும் அழுத்த வேண்டும். தர்மபுரிக்கும் நல்லம்பள்ளிக்கும் நடுவே மூன்று நொடி விடச் சொல்லியிருந்தோம். மூன்றாம் சங்கு ஊதி அடங்கியது.

"மாரண்டஹள்ளி," என்றது பெரியண்ணன் குரல். ஏதோ சாமி பெயரைச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னான். "பாலக்கோடு."

என் விரல் வேர்த்தது.

"புலிக்கரை." அப்புறம் சத்தமே இல்லை. ஐந்து நொடி, பத்து நொடி. சுசித்ரா என்னைப் பார்த்தாள். வாக்கி டாக்கி கரகரத்தது. "புலிக்கரையில வண்டி நிக்குது மச்சான். ரெண்டு ஆடு ஏறுது."

அந்த இரண்டு ஆட்டையும் யாரோ விரட்டும் சத்தம் தூரத்தில் கேட்டது. எண்ணியிருந்தால் இந்நேரம் திருகியிருப்பான். நான் பட்டனிலிருந்து விரலை எடுத்து வேட்டியில் துடைத்து, மறுபடி வைத்தேன்.

"மறுபடியும் மாரண்டஹள்ளியில இருந்து வரேன். மாரண்டஹள்ளி. பாலக்கோடு. புலிக்கரை." மூச்சு இழுக்கும் சத்தம். "தர்மபுரி."

அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். அவன் எண்ணக் கூடாது, நான் எண்ணலாம்.

"நல்லம்பள்ளி."

குதிகாலில் உதை வந்தது. பெட்டி எழுதிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற நேரம் போனது. சத்தம் வந்தது. பெட்டி அப்போதும் எழுதிக்கொண்டிருந்தது. பத்து நொடி ஆனதும் மஞ்சள் விளக்குச் சிமிட்டியது. அந்த எட்டு நொடி, இரண்டு பேரும் பெட்டியைக் கைக்குழந்தையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு புள்ளி நாலு.

பெட்டி எழுதிய ஆட்டத்தின் கோட்டுப் படத்தை சுசித்ரா திறந்து காட்டினாள். முதலில் தட்டையான கோடு. அப்புறம் திடீரென்று மலைமாதிரி ஒரு எழுச்சி. பிறகு சின்னச் சின்ன அலை. அந்தச் சின்ன அலையின் வால்பக்கத்தில் விரலை வைத்தாள். "நாலு வாரமா நாம எழுதுனது இதைத்தாண்ணா," என்றாள். "மலையை விட்டுட்டு வாலை."

அங்கேயே போனில் கணக்குப் போட்டாள். முந்நூற்று ஐம்பது மீட்டர், ஒன்றரை மடங்கு மருந்து. இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினாள். பதினொன்று.

திரும்பி எங்கள் காலனியைப் பார்த்தேன். சங்குக்கு உள்ளே போன ஜனங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

ஆபீசில் மேனேஜர் கோட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பதினொன்று என்பதை அவரே தன் கால்குலேட்டரில் ஒரு முறை போட்டுப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்ப் பலகையில் முப்பத்தாறை அழித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினார். ஒன்றரையை அழித்துவிட்டு அரை என்று எழுதினார்.

"வண்டிக்காரனுங்க என்னைத்தான் திட்டுவானுங்க," என்றார் பலகையைப் பார்த்தபடி.

"என்னையும் சேத்துத் திட்டச் சொல்லுங்க சார்," என்றேன். "இன்னொண்ணு இருக்குதுங்க. அந்த நாலு வாரத்து எண்ணு. நோட்டுல அப்பிடியே கெடக்குது."

"கெடக்கட்டும். முடிஞ்சது முடிஞ்சுபோச்சு."

"நாளைக்கு எவனாச்சும் நோட்டப் பாத்துட்டு, இந்த எடத்துல புள்ளி ஒம்பதுதான், தாராளமா வெடின்னு சொல்லிருவானுங்க. நான் எழுதுனது, நானே திருத்திக்கறனுங்க."

"அடிக்கக் கூடாதுப்பா. கவர்மெண்ட்ல பாக்கற நோட்டு அது."

"அடிக்கலீங்க. பக்கத்துல எழுதறேன்."

அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுசித்ரா தன் பேனாவை எடுத்து நீட்டினாள். இருபத்து மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'பெட்டி பிந்தி எழுந்தது, எண் சரியல்ல' என்று எழுதினேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மேனேஜர் நடுவில் ஒரு டீ வரவழைத்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனார். கடைசியில் சுசித்ரா அடியில் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது மாதம்மாளிடம் பின்சுவரை விட்டு முன்பக்கம் உட்காரச் சொன்னேன்.

"பாதி மருந்துன்னு சொன்ன?"

"பாதிதான்."

"உன் பெட்டிய நம்பலாமா?"

"பெட்டிய இன்னைக்கு நம்பலாம். செவுத்தத்தான் நம்ப முடியல."

அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

மேற்குப் பாறை முனியப்பன் கல்லிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. பெரியண்ணன் ஒதுங்கி நிற்கிற ஷெல்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புக் கொடிகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. சுசித்ரா ஊருக்குப் போய்விட்டாள். மற்ற குவாரிகளிலும் இதே பெட்டியை இதே செட்டிங்கோடு மாட்டியிருக்கிறாளாம். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். நான் மட்டும் பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு, குண்டை மண்ணில் அழுத்தி, முட்டி மடங்காமல் நின்றுகொண்டே பட்டனில் விரலை வைத்தேன். மூன்றாம் சங்கு ஊதியது. ரோட்டில் வண்டி இல்லை. ஆடு இல்லை.

"மாரண்டஹள்ளி. பாலக்கோடு. புலிக்கரை. தர்மபுரி."

அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. என் கால் இன்னும் ஒன்றும் அறியவில்லை.

"நல்லம்பள்ளி."

உதை வந்தது. எனக்குப் பழக்கமான உதைதான், அதைவிடக் கூடுதல் இல்லை. சத்தம் இந்தத் தடவை சீக்கிரமே வந்தது. முந்நூற்று ஐம்பதுதானே. வேலிக்கு அந்தப் பக்கம் புழுதி எழுந்து நின்றது.

பெட்டி சேமித்து முடிக்கும்வரை நான் எண்ணைப் பார்க்கவில்லை, வீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நாய் ஒன்று குரைத்து நின்றது. அப்புறம் டக், டக் என்று புளி தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நாலு புள்ளி ஒன்று. நோட்டை எடுத்து எழுதினேன்.